மத்தச் சாவி

எழுந்திருக்க வேணாம் தம்பி, படுங்க, படுங்க. தலையைக்கூட ஆட்ட வேணாம். ஆமான்னா ஒரு தடவை கண்ணை மூடித் திறங்க, இல்லைன்னா ரெண்டு தடவை. சிஸ்டர்தான் அப்படிச் சொல்லிட்டுப் போனாங்க. தாடையைக் கம்பியால கட்டியிருக்கு, வாயைத் திறக்க வெச்சுடாதீங்க, வாந்தி கீந்தி வந்தா உடனே கூப்பிடுங்க, கம்பி வெட்டுற குறடு தலைமாட்டுலயே தொங்குதுன்னாங்க. பார்த்தேன். நீங்க கேட்டா மட்டும் போதும். ஏதாவது சொல்லணும்னா இந்த நோட்டு இருக்கு. இடது கையால எழுத வருதுல்ல? கோணலா இருந்தா பரவாயில்ல. முப்பத்துமூணு வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்தினவன் நான், எந்தக் கிறுக்கலையும் படிச்சுடுவேன்.

மறுபடியும் அதையேதான் எழுதியிருக்கீங்க. நீங்க யாரு. சொல்றேன், அதைச் சொல்லத்தானே வந்திருக்கேன். பேப்பர்காரன் இல்ல. வக்கீல் இல்ல. உங்களை அடிச்ச அந்தப் பதினேழு பேர் சார்பா சமாதானம் பேச வந்தவனும் இல்ல, பயப்படாதீங்க. வாத்தியார். யுனிவர்சிட்டியில இலக்கியம் சொல்லிக் கொடுத்தேன். இலக்கியமும் பழங்கதையும். ஊர் ஊராப் போய்க் கதை சேகரிக்கிறது, அதை எழுதறது, பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறது. ரிட்டையராகி ஆறு வருஷம் ஆச்சு.

கதவைப் பார்க்காதீங்க, உங்க வீட்டுக்காரம்மா வர இன்னும் நேரமாகும். கீழ மருந்து வாங்கற வரிசையில நிக்கறாங்க, அவங்களுக்கு முன்னாடி இருபது பேராவது இருக்காங்க. அவங்க நிக்கறதைப் பார்த்துட்டுத்தான் நான் மாடி ஏறினேன். ஆமா, வேணும்னுதான். அவங்க முகத்தைப் பார்த்து இதைச் சொல்ற தைரியம் எனக்குக் கிடையாது தம்பி.

மூணு வாரம் முன்னாடி உங்க பூட்டுக் கடைக்கு வந்து உங்களை அடிச்சாங்களே, அப்போ ஒரு பாட்டுப் பாடினாங்களாமே. பேப்பர்ல போட்டிருந்தான். ஒத்தச் சாவி ஊருக்கு, மத்தச் சாவி மாத்தானுக்கு. அதானே? கண்ணை மூடுறீங்க. அதான்.

அது நான் எழுதினது.

இல்ல, கேளுங்க. சேகரிச்சதுன்னு சொல்லல. எழுதினது. பேனா பிடிச்சு, இந்தக் கையால. பாட்டு மட்டுமில்ல, கதை பூராவும். உங்க ஊர் மதிலுக்கு வெளியே நாப்பது நாள் எதிரி காத்துக் கிடந்தான்னு வருதுல்ல, அது நான். பெரிய வாசலுக்குப் பூட்டுப் போட்ட பூட்டுக்காரன் திருட்டுத்தனமா ரெண்டாவது சாவி அடிச்சு எதிரிகிட்ட கொடுத்தான்னு வருதுல்ல, அது நான். தண்ணி எடுக்க வந்த பொண்ணு அதைப் பார்த்துட்டு மதில் மேல ஏறிக் கத்துறா, அவளைப் பிடிச்சுத் தள்ளுறாங்க. அவ விழறதுக்கு முன்னாடி, பூட்டுக்காரன் வம்சத்துக்கு எந்தக் கதவும் திறக்கக் கூடாதுன்னு சாபம் கொடுக்கறாளே, அதுவும் நான்தான். சாபம் இல்லாம முடிச்சா மொட்டையா இருக்கேன்னு கடைசியில சேர்த்தேன். நான் எழுதறதுக்கு முதல் நாள் வரைக்கும் இந்த உலகத்துல அந்தக் கதை கிடையாது. இது மட்டும் உங்க மனசுல பதிஞ்சா போதும், மத்தது எதுவும் பதிய வேணாம்.

தண்ணி வேணுமா? இந்த உறிஞ்சியை ஓரமா வெக்கறேன், மெதுவா. சரி, சரி, துடைச்சு விடறேன்.

எனக்கு அப்போ இருபத்தேழு வயசு. ஆராய்ச்சி மாணவன். எனக்கு ஒரு கைடு இருந்தாரு. பசங்க அவருக்கு வெச்ச பேரு செவப்பு மை. அவர்கிட்ட எதைக் கொடுத்தாலும் வெட்டுக் குத்துப் பட்டவன் மாதிரி ரத்தக் களறியாத்தான் திரும்பி வரும். மதில் உள்ள ஊர்களோட கதைகள், அதான் என் தலைப்பு. அஞ்சு ஊர். நாலு ஊர்ல அள்ளிக்கிட்டு வந்தேன். சும்மா சொல்லக் கூடாது, நாலு அத்தியாயமும் நல்லா வந்துச்சு. அஞ்சாவது உங்க ஊர். செங்கல் கனத்துக்கு ஒரு டேப் ரெக்கார்டரைத் தோள்ல மாட்டிக்கிட்டு மூணு வாரம் தெருத் தெருவா அலைஞ்சேன். ஒண்ணும் கிடைக்கல. பாம்பு கதை சொன்னாங்க, புதையல் கதை சொன்னாங்க, எல்லா ஊர்லயும் சொல்றதுதான். மதிலைப் பத்திச் சொல்லுங்கன்னா, பெரிய மதில் சார்னாங்க. அவ்வளவு பெருசா ஒண்ணு நிக்குது, அதைப் பத்தி ஒருத்தனுக்கும் சொல்ல ஒரு வரி இல்ல.

மாசக் கடைசிக்குள்ள ஆய்வேட்டைக் கொடுக்கணும். டிபார்ட்மென்ட்ல ஒரே ஒரு இடம் காலி. கொடுத்தா வேலை, கொடுக்கலைன்னா இன்னொருத்தன் வாசல்ல ரெடியா நிக்கறான். என் சம்சாரம் அப்போ ஏழு மாசம். இதெல்லாம் சாக்கு இல்ல தம்பி. சாக்குச் சொல்ல வரல. எப்படி நடந்துச்சுன்னு வரிசையாச் சொன்னாத்தான் நீங்க நம்புவீங்கன்னு சொல்றேன்.

லாட்ஜுல ஒரு மேசை, ஒரு கால் குட்டை. அடியில மடிச்ச பேப்பரை வெச்சு நிமித்திட்டு உக்காந்தேன். ரெண்டு நாள் பகல்ல எழுதி முடிச்சேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், சந்தோஷமா இருந்துச்சு. அதுக்கு முன்னாடியும் நான் ஒரு பாட்டு எழுதினதில்ல, அதுக்கப்புறமும் எழுதினதில்ல. மேசையைத் தட்டித் தட்டிப் பாடிப் பார்த்தேன். ஒத்தச் சாவி ஊருக்குன்னு வந்ததும், மத்தச் சாவி மாத்தானுக்குன்னு தானா வந்து உக்காந்துச்சு. நாலு தலைமுறை வாய்ல உருண்ட மாதிரி வழவழன்னு. பாடியது யாருங்கற இடத்துல, பெண், வயது எழுபதுக்கு மேல், துணி துவைக்கும் தொழில், பெயர் சொல்ல விரும்பவில்லைன்னு எழுதினேன். அப்படி ஒரு அம்மாவே கிடையாது.

கைடு படிச்சாரு. வாழ்க்கையில முதல் தடவையா ஒரு இடத்துலகூட செவப்பு மை இல்ல. டேப் எங்கேன்னு கேட்டாரு. மழையில நனைஞ்சுடுச்சு ஐயான்னேன். கண்ணாடியை இறக்கி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாரு. டேப் நனைஞ்சா நனையட்டும், பாட்டு நனையலையேன்னாரு. அவருக்குத் தெரிஞ்சிருச்சுன்னு இன்னைக்கும் நினைக்கறேன். அவரும் போயிட்டாரு, போய்ப் பதினெட்டு வருஷமாகுது, யார்கிட்டப் போய்க் கேக்கறது.

வேலை கிடைச்சுது. ஆய்வேடு புஸ்தகமாச்சு. என் புஸ்தகத்துல நாலு ஊர்க் கதை உண்மை தம்பி, நாய் மாதிரி அலைஞ்சு சேர்த்தது. அதை ஒருத்தன் சீண்டல. அஞ்சாவதுதான் எல்லாருக்கும் வேணும். மீட்டிங்கா, கருத்தரங்கா, ரெண்டாம் சாவியைப் பத்திப் பேசுங்கன்னு கூப்பிடுவாங்க. வருஷா வருஷம் வகுப்புல அதை நடத்தினேன். அந்தப் பொண்ணு மதில் மேலேர்ந்து விழற இடத்துல பின் பெஞ்சுல யாராவது மூக்கை உறிஞ்சுவாங்க. நானும் அழுதிருக்கேன். சிரிக்காதீங்க. சரி, நீங்க சிரிக்கல, தெரியுது. ஒரு வருஷம் ஒரு பையன் கேட்டான், பாடின அம்மா பார்க்க எப்படி சார் இருப்பாங்கன்னு. உடனே சொன்னேன். ஒல்லியா, மணிக்கட்டுல ஒரு தீக்காயத் தழும்போட, பாடும்போது ஈரத் துணியைப் பிழிஞ்சுக்கிட்டே இருப்பாங்கன்னு. சொல்லிட்டு ரூமுக்கு வந்து உக்காந்தப்போ, அந்தத் தழும்பு என் கண்ணுக்கே தெரிஞ்சுது. பொய் சொல்றவனுக்கு முதல் ஏமாளி அவனேதான்.

அப்புறம் ரேடியோ நாடகமாச்சு. அப்புறம் எட்டாங்கிளாஸ் பாடமாச்சு. அது உங்களுக்கே தெரியும். உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு வேற யாருக்குத் தெரியும்.

உங்க பொண்ணு எட்டாங்கிளாஸ் படிச்சப்போ எனக்கு ஒரு லெட்டர் போட்டுது. தெரியுமா உங்களுக்கு? ரெண்டு தடவை மூடுறீங்க. தெரியாதா. பாட புஸ்தகத்துல என் பேரைப் பார்த்து யுனிவர்சிட்டி விலாசத்துக்குப் போட்டிருந்துது. கோடு போட்ட தாள்ல. ஐயா, நாங்கள் பூட்டுக்காரர் வீடு. இந்தப் பாடம் நடத்தினபோது வகுப்பில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மத்தச் சாவி என்றுதான் கூப்பிடுகிறார்கள். இது நிஜமாக நடந்ததா ஐயா, நீங்கள் சொன்னால் நான் போய் வகுப்பில் சொல்லுவேன். அவ்வளவுதான் லெட்டர்.

நான் பதில் போட்டேன். அதைத்தான் என்னால தாங்க முடியல. பதில் போடாம விட்டிருந்தாலாவது தேவலை. ரெண்டு பக்கம் எழுதினேன். மகளே, பழங்கதை என்பது வரலாறு அல்ல, ஆனால் மக்கள் மனம் ஒருபோதும் பொய் சொல்லாதுன்னு எழுதினேன். முன்னோர் செய்த தவறுக்கு நீ வெட்கப்பட வேண்டாம், தலை நிமிர்ந்து படின்னு எழுதினேன். பதிமூணு வயசுப் பொண்ணுக்கு. கையெழுத்துப் போட்டு, பதவி முத்திரை குத்தி.

அந்த வருஷத்தோட படிப்பை நிறுத்திடுச்சுன்னு நான் போன வாரந்தான் கேள்விப்பட்டேன். ரெண்டு இடத்துல பொண்ணு பார்த்துட்டு, எந்த வீடுன்னு தெரிஞ்சதும் வேணாம்னு போயிட்டாங்கன்னும் கேள்விப்பட்டேன். அழாதீங்க தம்பி. மூக்கு அடைச்சுக்கிட்டா மூச்சு விடறது கஷ்டம். இந்தாங்க. நான் அழறதைப் பார்த்து நீங்க அழ வேணாம், எனக்கு அழறதுக்கு உரிமை இல்ல, நிறுத்திடறேன்.

நாலு வீட்ல பூட்டு உடையாம திருட்டுப் போச்சு. உடனே ஊர்ல ஒருத்தன் சொல்லியிருக்கான், ரெண்டாவது சாவி யார்கிட்ட இருக்கும்னு. ஒருத்தனும் யோசிக்கல. பதினேழு பேர் கிளம்பி வந்துட்டாங்க. அப்புறம் பார்த்தா அந்த நாலு வீட்டுக்கும் உறவுக்காரன் ஒருத்தனே சாவியை எடுத்து வேலை பார்த்திருக்கான், போலீஸ் பிடிச்சுட்டாங்க. ஆனா உங்க தாடை போனது போனதுதானே. சாவி அராவுற கையில மூணு விரல் போனது போனதுதானே. நான் காலையில பேப்பரை விரிக்கறேன், முதல் பக்கத்துல என் வரி இருக்கு. முப்பத்தொம்பது வருஷத்துல என் எழுத்து முதல் பக்கத்துல வந்தது அன்னைக்குத்தான்.

அன்னைலேர்ந்து நான் சும்மா இல்ல தம்பி. பார்க்காத ஆள் இல்ல. முதல்ல என் பொண்ணுகிட்டச் சொன்னேன். அவ ஸ்கூல் டீச்சர், வருஷா வருஷம் அவளும் அந்தப் பாடத்தை நடத்தறா. எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு, அப்பா, நாளைக்கு ஒரு டாக்டரைப் பார்ப்போமான்னா. மறதி டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனா. நூறுலேர்ந்து ஏழு ஏழாக் கழிச்சுச் சொல்லுங்கன்னாரு. தொண்ணூத்து மூணு, எண்பத்தாறுன்னு ரெண்டு வரைக்கும் சொன்னேன். ஞாபகம் நல்லா இருக்கு, வயசாயிடுச்சு, மனசுல ஏதோ குற்ற உணர்ச்சின்னு மாத்திரை எழுதிக் கொடுத்தாரு. குற்ற உணர்ச்சிக்கு மாத்திரை.

பாடப் புஸ்தகக் குழுத் தலைவர் என் மாணவன்தான். என்கிட்ட டாக்டர் பட்டம் வாங்கினவன். போய் அவன் மேசை முன்னாடி நின்னேன். எடுத்துடுப்பா அந்தப் பாடத்தை, அது நான் கட்டினதுன்னேன். அவன் எழுந்து நின்னு, ஐயா உக்காருங்க, உங்க அடக்கம் எங்களுக்குத் தெரியாதா, நீங்க எழுதினதுக்கப்புறம் ஆறு பேர் அங்க போய்ச் சேகரிச்சிருக்காங்க, பதினோரு வடிவம் கிடைச்சிருக்கு, அதுல மூணு உங்களோடதை விடப் பழசுங்கறான். எதைவெச்சுப் பழசுன்னு சொல்றேன்னு கேட்டேன். நடையை வெச்சு ஐயா, நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்கங்கறான். நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

சரி, ஊருக்கே போயிடுவோம்னு போனேன். பெரிய வாசல்ல டிக்கெட் கிழிக்கறவர்கிட்ட, இந்தக் கதை பொய்ங்கன்னேன். அவரு அந்தப் பொண்ணு விழுந்த இடத்தைக் கை காட்டி, எங்க முப்பாட்டனார் நேர்ல பார்த்தவர்கிட்டக் கேட்டது சார்னாரு. பாட்டையும் பாடிக் காட்டினாரு. நான் எழுதாத ரெண்டு வரி அதுல இருந்துச்சு, என்னோடதை விட நல்லா இருந்துச்சு. இதை எழுதினது நான்தாங்கன்னு அவர் சட்டையைப் பிடிச்சுட்டேன். பின்னாடி வரிசையில நின்னவங்க என்னை இழுத்து ஓரமா உக்கார வெச்சாங்க.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். அந்தக் கேஸ்ல என்னையும் சேருங்கன்னேன். இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன். சார், முப்பத்தொம்பது வருஷத்துக்கு முன்னாடி கதை எழுதினான்னு கேஸ் போட எங்ககிட்ட செக்‌ஷன் இல்ல, அடிபட்டவர் வந்து உங்க மேல புகார் சொன்னா அப்போ பார்க்கலாம்னாரு.

அதான் வந்திருக்கேன். இந்தக் கவர்ல நாலு பக்கம் இருக்கு. எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். அன்னைக்கு எழுதின நோட்டும் இருக்கு, பாருங்க, அடிச்சுத் திருத்தினதெல்லாம் அப்படியே இருக்கு. இந்த இடத்துல முதல்ல வாளைன்னு எழுதி அடிச்சுட்டு சாவியைன்னு போட்டிருக்கேன். யாரோ பாடிக் கேட்டு எழுதறவன் இப்படி அடிப்பானா? நீங்க ஒரே ஒரு வரி எழுதினா போதும். இவர் பொய் எழுதினதாலதான் என்னை அடிச்சாங்கன்னு. நீங்க எழுதினா இன்ஸ்பெக்டர் தட்ட முடியாது. பேப்பர்ல வரும். பேப்பர்ல வந்தா பாடத்தை எடுத்தே ஆகணும். என் காலைப் பிடிச்சு இழுத்துக் கோர்ட்ல நிறுத்துங்க தம்பி, கும்பிட்டுக் கேக்கறேன். ஊரெல்லாம் உங்களைப் பார்த்தது போதும், என்னைப் பார்க்கட்டும்.

எழுதுங்க. நான் நோட்டைப் பிடிச்சுக்கறேன், நகராது.

இதென்ன. எங்க அம்மாவே இந்தப் பாட்டைப் பாடுவாங்கன்னு எழுதறீங்களே. பாடியிருப்பாங்க தம்பி, ரேடியோ நாடகத்துல கேட்டிருப்பாங்க. இல்லைன்னு கண்ணை மூடாதீங்க. ரேடியோ நாடகம் வர்றதுக்கு முன்னாடியே நீங்க கேட்டீங்களா? அப்படித் தோணும். எனக்கே தழும்பு தெரிஞ்சுதே, உங்களுக்குத் தோணாதா.

இன்னும் எழுதறீங்க. மெதுவா, மெதுவா. நாங்க, செஞ்சது, தானே.

ஐயோ. வேணாம் தம்பி. அதை எழுதாதீங்க. அடிங்க அதை, அடிச்சுடுங்க. நீங்க செய்யல. உங்க பாட்டன் செய்யல, பூட்டன் செய்யல. சாவி இல்ல, பொண்ணு இல்ல, எதிரி இல்ல. அடிபடும்போது கையைக்கூடத் தூக்கித் தடுக்கல, பேசாம உக்காந்திருந்தீங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தான். நான் நம்பல. இதனாலயா? முன்னோர் பாவம், தீரட்டும்னா உக்காந்திருந்தீங்க? கண்ணை மூடாதீங்க. மூடித் திறக்காதீங்க தம்பி. அதுக்கு ஆமான்னு சொல்லாதீங்க.

ஊர் நம்பலைன்னா பரவாயில்ல. நீங்க நம்பணும். நீங்க ஒருத்தராவது நம்பணும். எப்படிச் சொன்னா நம்புவீங்க, சொல்லுங்க. என்ன ஆதாரம் வேணும், எழுதுங்க.

அப்பா எதுவும் சொன்னதில்லையே. அதானா? பொய்யா இருந்தா அப்பா சொல்லியிருப்பாரேன்னு.

அது ஒண்ணுமில்ல தம்பி. உங்க அப்பாவுக்குத் தெரியும். அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும்.

அந்த மூணு வாரத்துல நான் ரொம்ப நேரம் உக்காந்திருந்த இடம் உங்க கடைதான். பெட்டிப் பூட்டு கெட்டுப் போச்சுன்னு வந்தேன், பூட்டைச் சரி பண்ணினதுக்கப்புறமும் வந்துக்கிட்டு இருந்தேன். நாலு நாள். கடையில நாலு பேர் வருவாங்க, யாராவது கதை சொல்ல மாட்டாங்களான்னு. மத்தவங்க எல்லாம் என் முகம் வாடக் கூடாதுன்னு ஏதோ ஒண்ணை அளந்து விட்டாங்க. அவர்தான் சாவியை அராவிக்கிட்டே, தம்பி, இங்க கதையும் இல்ல கத்திரிக்காயும் இல்ல, காலத்தை வீணாக்காம ஊர் போய்ச் சேர்ற வழியைப் பாருங்கன்னாரு. கடையில நின்னவங்க சிரிச்சாங்க. அவர் சிரிக்கல. என் நல்லதுக்குத்தான் சொன்னாரு. எனக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சு. நேரா லாட்ஜுக்குப் போனேன், மேசையை நிமித்தினேன், முதல் வரியில பூட்டுக்காரன் வந்துட்டான்.

உங்க பொண்ணுக்கு நான் போட்ட பதிலை எடுத்துக்கிட்டு அவர் யுனிவர்சிட்டிக்கு வந்தாரு. உங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டாரு. காலையில பத்து மணி இருக்கும், ரூம் வாசல்ல நிக்கறாரு. வயசாயிருந்துச்சு, ஆனா பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சுடுச்சு. கோபமாவே பேசல. தம்பி, அந்தப் பெரிய வாசலுக்குப் பூட்டே கிடையாது, ரெண்டு பக்கமும் கல்லுல குழி இருக்கு, உள்பக்கமா மரத்தைக் குறுக்கே போட்டு அடைக்கிற வாசல் அது, பூட்டு இல்லாத கதவுக்கு எங்கேர்ந்து சாவி வந்துச்சு, அதையும் சேர்த்து எழுதிடுங்க, புள்ளை அழுதுன்னாரு. இவ்வளவுதான் கேட்டாரு. எழுத்துல ஏதாவது ஆதாரம் இருக்கான்னு நான் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசிச்சுட்டு, ஆதாரம் எதுக்கு, நாலு நாள் என் கடையில ஸ்டூல் போட்டு உக்கார வெச்சேனே, உங்களுக்கே தெரியுமே தம்பின்னாரு. வராந்தாவுல பசங்க நின்னுக்கிட்டிருந்தாங்க. எனக்கு வகுப்புக்கு மணி அடிச்சாச்சு. நீங்க யாருன்னே எனக்குத் தெரியலையேன்னு சொல்லிட்டு, கதவைச் சாத்திட்டுப் போயிட்டேன்.

என்ன, சிஸ்டரைக் கூப்பிடற பெல்லுக்கா கையை நீட்டறீங்க? எட்டாது, கட்டுப் போட்ட பக்கம் இருக்கு. இருங்க, நானே எடுத்துக் கையில தரேன்.